மானிட்டரைக் கடைசியாக வாங்குங்கள்: வீட்டில் இரண்டு திரை வைத்து வேலை செய்யப் போகிறவர்களுக்கு

வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் லேப்டாப்போடு ஒன்றிரண்டு மானிட்டர் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலருக்கும் தோன்றும், தோன்றியதும் முதலில் செய்வது ஆன்லைனில் எதற்குத் தள்ளுபடி ஓடுகிறது என்று பார்ப்பது. நான் சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிர். லேப்டாப்பில் என்ன போர்ட் இருக்கிறது, மேசை எவ்வளவு அகலம், ஜன்னல் எந்தப் பக்கம், பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா, கரண்ட் போனால் என்ன நடக்கும், இதையெல்லாம் முதலில் பாருங்கள். இவை தெரிந்துவிட்டால் எந்த மானிட்டர் என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால் மானிட்டர் நன்றாகவே இருக்கும், ஆனால் உங்கள் லேப்டாப்பிலோ மேசையிலோ சேராது.

அதற்கும் முன்னால் ஒன்று. இரண்டு மானிட்டர் தேவைதானா என்று யோசியுங்கள். லேப்டாப் திரையோடு ஒரு நல்ல 24 அல்லது 27 இன்ச் மானிட்டர் இருந்தாலே பெரும்பாலான அலுவலக வேலைக்குப் போதும் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் எக்செல்லும் இன்னொரு பக்கம் மெயிலும் திறந்து வைத்து நாள் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள், கோட் எழுதுகிறவர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள், மொழிபெயர்ப்பு, கணக்கு வேலை பார்க்கிறவர்கள், இவர்களுக்கு இரண்டு மானிட்டர் உண்மையாகவே வேலையைக் குறைக்கும். மற்றவர்கள் ஒன்றில் தொடங்கி, போதவில்லை என்றால் அடுத்ததை வாங்குங்கள். அப்படி வாங்குகிறவர்கள் முதல் மானிட்டரின் மாடல் எண்ணை எழுதி வையுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

லேப்டாப்பின் ஓரங்களைப் பாருங்கள்

எச்டிஎம்ஐ போர்ட் ஒன்று இருந்தால் முதல் மானிட்டருக்குக் கவலையில்லை. சிக்கல் இரண்டாவதில்தான் வரும். அது பெரும்பாலும் யூஎஸ்பி-சி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், ஆனால் யூஎஸ்பி-சி வடிவத்தில் இருக்கிற எல்லாப் போர்ட்டும் படத்தை அனுப்பாது. சிலதில் டேட்டா மட்டும் போகும், சிலதில் டேட்டாவும் சார்ஜும் போகும். போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் மாதிரி அம்புக்குறி இருந்தால் அது தண்டர்போல்ட், படம் போகும். ஆங்கில 'டி'யும் 'பி'யும் சேர்ந்த மாதிரி ஒரு குறி இருந்தாலும் போகும். சில கம்பெனிகள் ஒன்றுமே அச்சடிப்பதில்லை, அப்போது உங்கள் லேப்டாப்பின் சரியான மாடல் எண்ணைப் போட்டுத் தேடி, விவரப் பட்டியலில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி படமோ பிளக் படமோ மட்டும் இருந்தால் அது சார்ஜுக்கான அடையாளம், படம் போகும் என்று அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேபிளும் அப்படித்தான். போன் சார்ஜரோடு வருகிற யூஎஸ்பி-சி கேபிள் பலவற்றில் படத்தைக் கொண்டு போகிற கம்பிகளே உள்ளே இருக்காது. போர்ட் சரி, மானிட்டரும் சரி, ஆனாலும் 'நோ சிக்னல்' என்று வருகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கேபிளைத்தான்.

இப்போது புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி மலிவாகக் கிடைக்கும், ஒரு எச்டிஎம்ஐயை இரண்டாகப் பிரிக்கும் என்று போட்டிருப்பார்கள். பிரிக்கும், ஆனால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும். டிவி ஷோரூமில் வரிசையாக ஒரே காட்சி ஓட வைக்கத்தான் அது. உங்களுக்குத் தேவை இரண்டிலும் வேறு வேறு ஜன்னல் (கணினியில் திறக்கும் விண்டோ), அதற்கு ஸ்ப்ளிட்டர் உதவாது. யூஎஸ்பி-சி டாக் அல்லது ஹப் வேண்டும், அதாவது லேப்டாப்பின் ஒரு போர்ட்டில் செருகினால் பல போர்ட்டுகள் தரும் பெட்டி. இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப் விண்டோஸ் லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு தனித்தனித் திரைகளாக வேலை செய்யும், ஆனால் அதே ஹப்பை மேக்கில் செருகினால் இரண்டிலும் ஒரே படம் வரலாம். ஒரே போர்ட்டிலிருந்து பல திரைகளைப் பிரிக்கும் எம்எஸ்டி என்ற முறையை மேக் அந்த வகையில் ஏற்பதில்லை.

மேக் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3 ஏரில் இரண்டு போடலாம், ஆனால் லேப்டாப் மூடியிருக்க வேண்டும். எம்4 ஏரில் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு போடலாம். பழைய ஏர் வைத்துக்கொண்டு இரண்டு மானிட்டர் வேண்டும் என்றால் டிஸ்ப்ளேலிங்க் போன்ற வகை டாக்தான் வழி, அதற்குத் தனியாக மென்பொருள் நிறுவ வேண்டும். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் அதை நிறுவ அனுமதி இல்லாமல் போகலாம், அதனால் டாக் வாங்குவதற்கு முன்பே உங்கள் ஐடி பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த வகை டாக்கில் ஓடிடி படங்கள் சில சமயம் கறுப்பாகத் தெரியும், காப்புரிமைப் பாதுகாப்பு காரணம். டாக்கில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில் உள்ள போர்ட்டில் செருகுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் மேலே மதர்போர்டிலும் ஒரு எச்டிஎம்ஐ இருக்கும், கீழே கார்டில் படுக்கைவாட்டில் இரண்டு மூன்று இருக்கும். கீழே உள்ளதுதான் உங்களுக்கு.

இன்ச் டேப்பை எடுங்கள்

24 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். 27 இன்ச் என்றால் 60. ஆக இரண்டு 24 இன்ச் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓரச்சட்டங்களோடு 108 வரை வரும், 4 அடி மேசையில், அதாவது 122 சென்டிமீட்டரில், உட்காரும். ஆனால் லேப்டாப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இடம் இருக்காது. இரண்டு 27 இன்ச் என்றால் 5 அடி மேசை வேண்டும். மேசைக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் 24 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அகலத்தை எல்லோரும் அளப்பார்கள், ஆழத்தை மறந்துவிடுவார்கள். திரை உங்கள் கண்ணிலிருந்து ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 2 அடி ஆழமுள்ள மேசையில் மானிட்டரின் ஸ்டாண்டே கால்வாசிக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கீபோர்டு வைத்தால் திரை மூக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டரை அடி ஆழம் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் மானிட்டர் ஆர்ம் வாங்கலாம், மேசை விளிம்பில் கவ்விப் பிடித்து மானிட்டரைத் தூக்கி நிறுத்துமே, அது. சுவரில் துளை போட வேண்டியதில்லை என்பதால் வாடகை வீட்டுக்கும் ஏற்றது.

ஆர்ம் வாங்குவதற்கு முன் மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பின் விளிம்பை ஒட்டி இரும்புச் சட்டமோ மரக்கட்டையோ ஓடினால் கிளாம்ப் உட்காராது. கண்ணாடி மேசையில் போடவே கூடாது. ரெடிமேடு மேசைகளில் பல, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மைக்கா ஒட்டியவை, இரண்டு மானிட்டரின் எடையும் ஒரே புள்ளியில் இறங்கும்போது நாளடைவில் அந்த இடம் நசுங்கும். மேலேயும் கீழேயும் ஒரு பிளைவுட் துண்டோ இரும்புத் தகடோ கொடுத்து முடுக்கினால் எடை பரவும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறவர்கள், ஆர்ம் மடங்கும்போது அதன் முட்டி பின்னால் நீட்டும் என்பதை நினைவில் வையுங்கள், சுவருக்கும் மேசைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டிவரும். மானிட்டரின் முதுகில் நாலு திருகு ஓட்டை, 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் இருக்க வேண்டும், அதற்கு வேசா என்று பெயர். விலை குறைந்த சில மாடல்களில் அது இருக்காது.

ஜன்னலும் கரண்டும்

ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் பிரதிபலிக்கும். எதிரில் இருந்தால் திரைக்குப் பின்னால் வெளிச்சம் கொட்டிக் கண் கூசும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் பக்கவாட்டில் இருந்தாலும் சாயங்காலம் திரைச்சீலை தேவைப்படும். டியூப் லைட்டையும் பாருங்கள்: மானிட்டர் வைக்கப் போகிற இடத்தில் ஒரு முகக்கண்ணாடியைப் பிடித்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து அதில் லைட் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது எர்த். லேப்டாப்பின் உலோகப் பகுதியையோ மானிட்டரின் பின்பக்கத்தையோ வெறுங்காலோடு நின்று தொடும்போது லேசாகச் சுரசுரவென்று ஒரு அதிர்வு தெரிகிறதா? இரண்டு பின் உள்ள அடாப்டர்களில், அல்லது எர்த் சேராத பாயின்ட்டில், மிகச் சின்ன அளவு கசிவு மின்சாரம் இப்படித் தெரிவது உண்டு. இரண்டு மானிட்டர், ஒரு டாக், ஒரு லேப்டாப் எல்லாம் கேபிள் வழியே ஒன்றோடொன்று சேரும்போது எல்லாவற்றின் கசிவும் கூடித் தெரியும். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கிற தடித்த பின்தான் எர்த். மூன்றை இரண்டாக்கும் மாற்றுப் பிளக் போட்டு அதைத் தவிர்க்காதீர்கள். பழைய வீடுகளில் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் கம்பி மட்டும் வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டையாவது பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அழுத்தியே சொல்கிறேன், நாள் முழுக்க கை வைத்திருக்கப் போகிற இடம் அது.

ஸ்பைக் பஸ்டர் ஒன்று நல்லதாக வாங்குங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகிக்கொண்டே போகாதீர்கள். அயர்ன் பாக்ஸ், கெட்டில் எதையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கரண்ட் போகும் ஊர் என்றால் யூபிஎஸ் வேண்டும். கணக்கு எளிது. 24 இன்ச் எல்இடி மானிட்டர் ஒன்று 20 முதல் 25 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸின் உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கும், பெருக்கினால் 84 வாட்-ஹவர். மாற்றும்போது வீணாவது போக முழுதும் கிடைக்காது. லேப்டாப்பில் அதன் சொந்த பேட்டரி இருக்கிறது, அதனால் லேப்டாப் சார்ஜரை யூபிஎஸ்ஸில் செருகவே வேண்டாம், மானிட்டர்களையும் வைஃபை ரவுட்டரையும் மட்டும் செருகுங்கள். லேப்டாப்பையும் செருகுவதைவிட யூபிஎஸ் அதிக நேரம் தாங்கும், ஆனால் மணிக்கணக்கில் அல்ல. டாக் போட்டிருந்தால் அதையும் யூபிஎஸ்ஸில் செருக மறக்காதீர்கள், டாக்குக்குக் கரண்ட் போனால் மானிட்டரில் கரண்ட் இருந்தும் படம் வராது. ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் ஃபைபர் வந்து சேரும் அந்தச் சின்னப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது தனியாக வேறு பாயின்ட்டில் இருந்து மீட்டிங் நடுவே அணைந்துபோவது பல வீடுகளில் நடக்கிறது.

வீட்டுக்கே இன்வெர்ட்டர் இருக்கிறதென்றால் அதன் பின்பக்கத்தில் யூபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் கரண்ட் போகும்போது மாறும் நேரம் குறையும், மானிட்டர் அணைந்து எரியாது.

இப்போது மானிட்டர்

24 இன்ச்சுக்கு 1920 × 1080 புள்ளிகள் (ரெசல்யூஷன்) போதும். 27 இன்ச்சுக்கு 2560 × 1440 வாங்குங்கள். 27 இன்ச்சில் 1080 வாங்கினால் ஒரு இன்ச்சுக்கு 82 புள்ளிதான் வரும், 24 இன்ச்சிலோ 92, 27 இன்ச் 1440இல் 109. இந்த வித்தியாசம் தமிழ் படிக்கும்போது நன்றாகத் தெரியும். 'ணை', 'ளூ', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகள் புள்ளி குறைந்த திரையில் அடைத்துக்கொண்டு மங்கலாக நிற்கும். தமிழில் நிறையப் படிக்கிற, எழுதுகிற ஆள் என்றால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 4கே வாங்குகிறவர்கள், லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 2.0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 1.4 என்றால் 4கேயில் விநாடிக்கு 30 தடவைதான் திரை மாறும், மவுஸை அசைக்கும்போதே இழுத்துக்கொண்டு வருவது தெரியும்.

பேனல் ஐபிஎஸ் என்று இருந்தால் நல்லது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, இரண்டு மானிட்டர் வைக்கும்போது ஒன்றையாவது பக்கவாட்டில்தானே பார்க்கப் போகிறீர்கள். முடிந்தால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும், மாடல் எண்ணை எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான். வேறு வேறு மாடல் என்றால் ஒன்றின் வெள்ளை நீலமாகவும் மற்றதின் வெள்ளை மஞ்சளாகவும் தெரியலாம், உயரமும் ஒத்துவராமல் போகலாம்.

பணம் குறைவு என்றால் கம்பெனிகள் கழித்த பழைய மானிட்டர்கள் கிடைக்கும், சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் அதற்குப் பேர்போனது. கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். போனில் முழு வெள்ளை, முழு கறுப்பு, முழு சிவப்புப் படங்களை எடுத்துப்போய் லேப்டாப் வழியாகத் திரை முழுக்கப் போடச் சொல்லுங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் ஓரமாகக் கசியும் வெளிச்சம், மஞ்சள் பாரித்த மூலை எல்லாம் அதில் தெரிந்துவிடும். பின்னால் பழைய வகைப் போர்ட்டுகளான விஜிஏவும் டிவிஐயும் மட்டும் இருந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

கழுத்துக்குத் தகுந்தபடி வையுங்கள்

இரண்டு மானிட்டரையும் நடுவில் ஒட்டி, சேரும் கோடு மூக்குக்கு நேராக வருகிற மாதிரி வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு திரைதான் முக்கியம், அதில்தான் நாளின் பெரும்பகுதி போகும், அப்போது கழுத்து எந்நேரமும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். முக்கியமானதை நேர் எதிரே வையுங்கள், இரண்டாவதை அதை ஒட்டிப் பக்கத்தில், உங்களை நோக்கிக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பி வையுங்கள். இரண்டையும் சரிசமமாகப் பார்க்கிறவர்கள் மட்டும் நடுக்கோட்டை நேராக வைக்கலாம்.

உயரம்: நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்க்கும்போது பார்வை திரையின் மேல் விளிம்பிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ பட வேண்டும். பைஃபோகல், புரோக்ரஸிவ் கண்ணாடி போட்டவர்கள் இன்னும் இறக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே படிக்கத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே இருப்பார்கள். லேப்டாப்பை மூன்றாவது திரையாக வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு ஸ்டாண்டில் உயர்த்தி, தனி கீபோர்டும் மவுஸும் போட்டுவிடுங்கள்.

இரண்டாவதை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைப்பதும் நல்ல யோசனை, நீளமான ஆவணங்களுக்கும் புரோகிராம் கோடுக்கும் வசதி. ஸ்டாண்டு திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும், அல்லது ஆர்ம் வேண்டும்.

கேபிள்களை இழுத்துக் கட்டாதீர்கள். மானிட்டரைத் திருப்பும்போது கூடவே நகர ஒரு சின்ன வளைவு விட்டு, பிறகு வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ மாதிரி படத்துக்கான இன்னொரு வகை) கேபிள்கள் பலவற்றின் தலையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், கழற்றும்போது அதை அழுத்திப் பிடித்தபடி இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் போர்ட் பழுதாகலாம்.

செட்டிங்ஸ்

விண்டோஸில் மேசைத் திரையில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள். 1, 2 என்று கட்டங்கள் தெரியும். 'ஐடென்டிஃபை' அழுத்தினால் எந்த எண் எந்தத் திரை என்று காட்டும். கட்டங்களை இழுத்து, மேசையில் எப்படி இருக்கிறதோ அப்படியே வையுங்கள், உயரம் உட்பட. இதைச் செய்யாவிட்டால் மவுஸ் வலப்பக்கம் போக வேண்டிய இடத்தில் சுவரில் முட்டிய மாதிரி நிற்கும். பிறகு 'எக்ஸ்டெண்ட்' என்று இருப்பதை உறுதி செய்து, நேர் எதிரே உள்ளதை மெயின் டிஸ்ப்ளே ஆக்குங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், 'ஸ்கேல்' என்பதை 125 ஆக்குங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், கூடவே மங்கலும் ஆகும்.

அதே பக்கத்தில் விண்டோஸ் 11இல் 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' என்ற பகுதியில், மானிட்டரைக் கழற்றி மாட்டும்போது ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் விருப்பம் இருக்கிறது. அதை டிக் செய்துவிடுங்கள், அடிக்கடி லேப்டாப்பைக் கழற்றி எடுத்துப்போகிறவர்களுக்குப் பெரிய உதவி. விண்டோஸ் கீ, ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜன்னல் அப்படியே அடுத்த திரைக்குத் தாவும். இந்த ஒன்றைக் கை பழக்கிக்கொண்டால் போதும், மற்ற குறுக்குவழிகள் மெல்ல வரும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ், அதில் அரேஞ்ச். முறை அதேதான்.

மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது வெளிச்சம் அதிகமாகவே வைக்கப்பட்டிருக்கும். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி எரிந்தால் தாளின் வெளிச்சத்துக்கு வரும்வரை குறையுங்கள். இரண்டையும் அப்படியே சரிசெய்யுங்கள்.

வீடியோ மீட்டிங்கில் கேமரா எந்தத் திரையின் மேல் இருக்கிறதோ அந்தத் திரையிலேயே மீட்டிங்கையும் வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் எங்கோ பார்த்துப் பேசுகிற மாதிரி எதிராளிக்குத் தெரியும். திரையைப் பகிரும்போது முழுத் திரையையும் பகிராமல் அந்த ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள், வாட்ஸப் மெசேஜ் மேலே வந்து நிற்காமல் இருக்கும்.

படம் வரவில்லையா? மானிட்டரின் பொத்தானை அழுத்தி 'இன்புட்' சரியான போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அப்புறம் விண்டோஸ் கீயும் பியும் அழுத்தி எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், இந்த 'பி' ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து, முன்னே சொன்ன 'பி' பிரிண்டரின் 'பி'. திரை ஒரு கணம் கறுப்பாகி கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. கடைசியாக டாக்கின் கரண்ட்டைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டுங்கள்.

புது மானிட்டர் வந்த அன்றே, பழைய மானிட்டருக்குச் சொன்ன வெள்ளை, கறுப்பு, சிவப்புப் படச் சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் நாள்கணக்கு டெலிவரியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கிற தெர்மாகோலையும் பரண்மேல் போட்டு வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போதும் வீடு மாறும்போதும் வேறு எதில் வைத்துக் கட்டினாலும் திரை அழுந்தும்.